112 அடி நீள மனு: நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கை

ஆண்டுதோறும் ஜூலை 7 அன்றும் செப்டம்பர் 18 அன்றும் இரட்டைமலை சீனிவாசனின் படத்துக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் அறிக்கைகள் வருகின்றன. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் அவரைப் பற்றிய சிறு பகுதி ஒன்றும் உண்டு. தேர்வுக்குரிய பகுதியாகவே அதனைப் படித்து முடிக்கும் மாணவர், அவர் பெயரைப் பட்டங்களோடு மனப்பாடம் செய்கிறார். அவர் பெற்றுத் தந்தது எது என்று கேட்டால் தயங்குகிறார்.

அந்தத் தயக்கம் பத்தாம் வகுப்பில் தொடங்குவதன்று. சாதி ஒரு பிள்ளையின் மனத்தில் பத்து வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில்தான் கெட்டிப்படுகிறது. யார் வீட்டில் சாப்பிடலாம், யாரோடு உட்காரலாம், கையில் எந்த நிறக் கயிறு கட்டலாம் என்பதையெல்லாம் பாடநூல் சொல்லித் தருவதற்கு முன்பே தெரு சொல்லித் தந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியலின மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடைய பள்ளியைச் சேர்ந்த மாணவர்களே. அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, கைக்கயிறுகளையும் பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியையும் அகற்றச் சொன்னது. கயிற்றை அவிழ்த்த கையில் எதைக் கொடுப்பது என்பது நம்முன் நிற்கும் கேள்வி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரிமைப் போராட்டத்தின் வரலாற்றைக் கொடுக்க வேண்டும் என்பதும், அதற்குத் தமிழ் மண்ணில் இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பதும் நம் கருத்து.

நெய்வேலியில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றித் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் இது. நகரியத்தின் தெருக்களுக்குச் சாதிப் பெயர் கிடையாது; வட்டங்களுக்கு எண்களே பெயர். குடியிருப்பு பதவியைப் பார்த்து ஒதுக்கப்படுகிறது. சாலையும் பூங்காவும் தண்ணீர்க் குழாயும் எல்லோருக்கும் பொது. இங்கே வளரும் பிள்ளைக்கு இவையெல்லாம் வெயிலும் மழையும் போல இயல்பாக வந்தவை. ஆனால் அதே பிள்ளையோடு ஒரே வகுப்பில் அமரும் இன்னொரு பிள்ளை, ஊர் வேறு, காலனி வேறு என்று பிரிந்து கிடக்கும் சுற்றுக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிறது. ஒரு பிள்ளை சாலையின் உரிமையை அறியாமல் அதில் நடக்கிறது. மற்றொரு பிள்ளை சாமி ஊர்வலம் எந்த முனையில் திரும்பிவிடும் என்பதை அறிந்தே நடக்கிறது. இருவருக்கும் சேர்த்துச் சொல்லத்தக்க வரலாறு ஒன்று தேவைப்படுகிறது.

மணியடிக்கும் வரை வெளியே நின்ற மாணவர்

இரட்டைமலை சீனிவாசன் செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859இல் பிறந்தார். 1860 என்று கொள்வோரும் உண்டு. சாதிக் கொடுமையின் காரணமாகக் குடும்பம் பிறந்த ஊரைவிட்டுப் பெயர்ந்தது. கோயம்புத்தூரில் அவர் கல்வி கற்றார். அங்கிருந்த கலாசாலையில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் பிராமணர்கள். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் உடன் படிப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்களோ என்ற அச்சத்தில் அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை. காலையில் வந்தால் வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார்; மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிற மாணவர்கள் தம்மை எட்டிப் பிடிக்க முடியாதபடி விரைந்து வீடு திரும்பிவிடுவார். விளையாட்டில் சேரவில்லை. இதனை அவரே 1939இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிந்திருக்கிறார். அப்போது அவர் எண்பது வயதை எட்டியிருந்தார். அரசின் உயர்ந்த பட்டங்களைப் பெற்றிருந்தார். அந்த வயதிலும் நினைவில் நின்றது, மணிக்காகக் காத்திருந்த மாணவப் பருவம்.

பிள்ளைகளிடம் இந்த வாழ்க்கையைச் சொல்லும்போது நாம் இங்கிருந்துதான் தொடங்குகிறோம். பட்டங்களையும் மாநாடுகளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் இடைவேளையில் தனியே நிற்கும் ஒரு மாணவனை எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அவன் ஏன் விளையாட வரவில்லை என்ற கேள்வியைப் பிள்ளைகள் தாமாகவே எழுப்புகிறார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவுமில்லை, ஆனாலும் அவன் ஏன் ஓடினான் என்று கேட்கும்போது, தீண்டாமை என்பது அடிப்பதிலும் ஏசுவதிலும் மட்டும் இல்லை என்பது விளங்கத் தொடங்குகிறது.

இங்கே ஆசிரியர்களுக்கும் தோழர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. இந்த நிகழ்வைச் சொல்லி முடித்ததும் உங்களில் யாருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது என்று வகுப்பில் கேட்டுவிடக் கூடாது. எதை மறைத்துச் சீனிவாசன் ஓடினாரோ, அதையே ஒரு பிள்ளையை நாற்பது பேர் நடுவில் சொல்லவைப்பதாக அது முடியும். தன் வலியைப் பாடப்பொருளாக்கும் கடமை பட்டியலினப் பிள்ளைக்கு இல்லை. கேள்வி மற்ற முந்நூற்றுத் தொண்ணூறு பேரை நோக்கியதாக இருக்கட்டும். அந்தக் கலாசாலையில் நீ படித்திருந்தால் மணிக்கு முன்பு வெளியே போய் என்ன செய்திருப்பாய் என்று எல்லோரிடமும் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல எவரும் தம் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மறைத்த பெயரே இதழின் பெயர்

படிப்பு முடிந்த பின் நீலகிரியில் ஆங்கிலேய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1890இல் சென்னைக்கு வந்தார். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், பறையர் மக்களின் நிலைமை பற்றிய அறிக்கையை அரசுக்கு அளித்ததும், அதன் விளைவாக 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்ததும் இக்காலத்தில்தான். இன்று நாம் பஞ்சமி நிலம் என்று வழக்காடுவது அந்நிலத்தையே. சீனிவாசனின் தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் ஏற்கெனவே எழுத்திலும் இயக்கத்திலும் ஈடுபட்டிருந்தார். சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார்.

1893 அக்டோபரில் அவர் ஓர் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. இதழுக்கு அவர் சூட்டிய பெயர் 'பறையன்'. இழிவாகச் சொல்லப்பட்டு வந்த பெயரை, தாம் மாணவராக இருந்தபோது மறைத்துத் திரிந்த அதே பெயரை, அச்சில் தலைப்பெழுத்தில் கோத்து விற்பனைக்கு விட்டார். முதல் இதழின் 400 படிகள் இரண்டு நாளில் விற்றுப்போயின. 1900 வரை அவ்விதழ் வந்தது. நிலம், கல்வி, வேலை, ஊரில் நடந்த கொடுமை என எல்லாவற்றையும் அரசின் காதுக்கு எட்டச் செய்யும் வாயிலாக அது இருந்தது.

சாதிப் பெயரை இதழுக்கு வைத்தது சரியா என்ற விவாதம் அக்காலத்திலேயே எழுந்தது. அயோத்திதாசர் அப்பெயரை ஏற்கவில்லை. பூர்வத் தமிழர், திராவிடர் என்ற அடையாளங்களை முன்வைத்தார். பின்னர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி 1922இல் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயர் இடம்பெற்றது. ஒரே விடுதலைக்கு உழைத்தவர்கள் பெயரைக் குறித்து மாறுபட்டார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. வைத்த பெயரைச் சுமப்பதா, திருப்பி வீசுவதா, வேறு பெயர் சூடுவதா என்பது எட்டாம் வகுப்பு மாணவர்கள் சுவையாகவும் நேர்மையாகவும் விவாதிக்கக்கூடிய பொருள். பட்டப்பெயர் வைத்து அழைக்கப்படுவதன் வலி அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மைதானத்தில் ஒரு கயிறு

இதழ் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரிய சோதனை வந்தது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. சீனிவாசன் அதனை எதிர்த்தார். பள்ளிக் கதவே அடைத்துக் கிடக்கும் நாட்டில் அத்தேர்வை எழுதப்போகிறவர்கள் கல்வியைத் தம் கையில் வைத்திருக்கும் உயர்சாதியினரே. அவர்கள் ஆட்சியதிகாரிகளாக வந்து அமர்ந்தால் ஒடுக்கப்பட்டோர் முறையிட இடமிருக்காது என்பது அவருடைய வாதம். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டப்பட்டது. மனு ஒன்று எழுதப்பட்டு 3,412 பேர் கையொப்பமிட்டனர். 112 அடி நீளம் கொண்ட அம்மனு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

இந்த எதிர்ப்பு சரியா, தவறா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடலாம். விடுதலைப் போராட்டத்தை ஒரே கோட்டில் கற்றுவரும் பிள்ளைக்கு, நாட்டுக்கு நல்லது என்று ஒரு சாரார் கேட்டதை இன்னொரு சாரார் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது என்று தெரிவது பெரிய கல்வி. நீ சீனிவாசனாக இருந்தால் கையொப்பமிடுவாயா, மறுப்பாயா, ஏன் என்று கேட்டால் போதும். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாடத்துக்கு நாம் ஒரு கயிற்றைக் கொண்டுபோகிறோம். 112 அடி என்பது ஏறத்தாழ 34 மீட்டர். மைதானத்தில் அதனை நீட்டிப் பிடிக்கப் பிள்ளைகளை நிறுத்தினால் முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டும். பிறகு கணக்கு. 3,412 கையொப்பத்தை 112 அடிக்குப் பகிர்ந்தால் ஓர் அடிக்கு முப்பது பெயர் வருகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராக இருந்த மக்களிடம், கைப்பேசியும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில், அத்தனை பெயரையும் யார் போய் வாங்கினார்கள் என்ற வியப்பு அப்போதுதான் எழுகிறது. தலைவர் ஒருவர் தனியே நின்று வரலாற்றை உண்டாக்கவில்லை. பெயர் தெரியாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தாளில் இருக்கிறார்கள் என்பதைக் கயிற்றைப் பிடித்த கை மறப்பதில்லை. அதன் பின் பிள்ளைகளைச் சொந்த மனு எழுதச் சொல்லலாம்: எரியாத தெருவிளக்கு, கதவில்லாத பள்ளிக் கழிப்பறை, பேருந்து நிற்காத நிறுத்தம். யாருக்கு எழுத வேண்டும், என்ன கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைக் கற்பது குடிமை உரிமையின் முதல் படி.

ஆப்பிரிக்காவிலிருந்து சட்டமன்றத்துக்கு

1895இல் வைசிராய் எல்ஜின் பிரபு சென்னைக்கு வந்தபோது சீனிவாசன் தம் மக்களின் குறைகளை நேரில் முறையிட்டார். 1900இல் நாடாளுமன்றத்தின் முன்பே வழக்கை எடுத்துரைக்கலாம் என்ற எண்ணத்தோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். பயணம் ஆப்பிரிக்காவில் நின்றது. பின்னர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தியாருக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்று சொல்லப்படுகிறது. 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியார் ரயிலிலிருந்து இறக்கப்பட்டதைப் பிள்ளைகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். அதே ஆண்டில் சென்னையில் 'பறையன்' வெளிவந்ததை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதிக்காட்டுவது நல்லது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பிய சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்ட் 22 அன்று அவர் அங்கே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே அளவில் ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் உள்ளடக்கம். அப்போது பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தீர்மானம் நிறைவேறியது. 1924 செப்டம்பர் 25 நாளிட்ட 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது.

தெருவில் நடக்க ஒரு தீர்மானமா என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியபின் ஒரு கணக்குச் சொல்கிறோம்: அந்த அரசாணை பிறந்து நூறு ஆண்டு இப்போதுதான் கடந்திருக்கிறது. உங்கள் கொள்ளுப்பாட்டி பிறந்தபோது இந்த ஆணை இருந்ததா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்கிறோம். நெய்வேலியில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது எளிது. இங்கே நிலக்கரியை வெட்டி எடுப்பதற்காகவே நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்க வேண்டியிருக்கிறது. பூமிக்கடியில் ஒரே பரப்பாகப் பரந்து கிடக்கும் நீர், கிணற்றுச் சுவர் எழும்பிய பிறகுதான் ஊர்க்கிணறு என்றும் சேரிக்கிணறு என்றும் பிரிந்தது. இதை விளக்கப் படம் தேவையில்லை. சுரங்கத்தைப் பார்த்த பிள்ளைக்குத் தெரியும்.

லண்டனில் ஒரு பட்டியல்

1930இலும் 1931இலும் லண்டனில் நடந்த முதல் இரண்டு வட்டமேசை மாநாடுகளில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாக அமர்ந்தவர்கள் இருவர்: முப்பத்தொன்பது வயதில் அங்கு சென்ற அண்ணல் அம்பேத்கரும், எழுபதைக் கடந்த சீனிவாசனும். மன்னரைச் சந்தித்தபோது தீண்டாமை என்பது யாது என்ற கேள்வி எழுந்ததாகவும், தெருவில் ஒருவர் விழுந்து கிடந்தாலும் அவர் தீண்டப்படாதவர் என்றால் மேல்சாதியார் தூக்கிவிட மாட்டார்கள் என்று தாம் விளக்கியதாகவும் சீனிவாசன் எழுதியிருக்கிறார். நீண்ட வரையறை எதுவும் சொல்லாமல் ஒரு தெருக்காட்சியில் அவர் விளக்கிய முறையே ஆசிரியர்களுக்குப் பாடம்.

அம்மாநாட்டில் இருவரும் கூட்டாக ஒரு கோரிக்கை ஆவணத்தை அளித்தார்கள். சம குடியுரிமை அதன் முதல் நிபந்தனை. அவ்வுரிமையை எவரேனும் தடுத்தால் அது குற்றமாக வேண்டும், சமூகப் புறக்கணிப்பும் தண்டிக்கப்பட வேண்டும் என்று அது கேட்டது. சட்டம் படித்தவர்களை இன்றும் வியக்கவைப்பது, அந்த ஆவணம் தன் வாசகங்களுக்கு மேற்கோளாகக் காட்டிய மூலங்கள்தாம். அமெரிக்க அரசமைப்பின் பதினான்காம் திருத்தத்தையும், கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து நீங்கிய பின் அவர்களுக்காக அந்நாட்டில் 1866இலும் 1875இலும் இயற்றப்பட்ட குடிமை உரிமைச் சட்டங்களையும் அது சுட்டியது. கோழியாளத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் சென்ற இருவர், கடலுக்கப்பால் விடுதலை பெற்றோரின் சட்டத்தைத் தம் மக்களுக்காகக் கேட்டார்கள்.

ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையைவிட்டு எழ மறுத்தது 1955 டிசம்பரில். நம் பிள்ளைகளில் சிலர் அந்தக் கதையை ஆங்கிலப் பாடத்திலோ இணையக் காணொளியிலோ அறிந்திருக்கிறார்கள். குடிமை உரிமை என்பது அமெரிக்காவில் தொடங்கி அமெரிக்காவில் முடிவது என்று எண்ணியும் கொள்கிறார்கள். அந்நிகழ்வுக்கு முப்பத்தோர் ஆண்டு முன்னரே தமிழ் மண்ணில் சாலைக்கான தீர்மானம் நிறைவேறியது என்பது அவர்களுக்குப் பெருமை தரும். ஆனால் பெருமையோடு நிறுத்திவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1883இல் செல்லாது என்றது. விடுதியிலும் திரையரங்கிலும் சமமாக நுழையும் உரிமையை மீண்டும் சட்டமாக்க அந்நாட்டுக் கறுப்பின மக்கள் 1964 வரை போராட வேண்டியிருந்தது. பெற்ற உரிமையும் பறிபோகும். இங்கேயும் 1924இன் அரசாணை தாளில் இருக்க, எத்தனையோ ஊர்களில் தெரு அடைத்தே கிடந்தது.

முடிவுகளும் மாறுபாடுகளும்

1932 செப்டம்பரில் உருவான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரோடும் எம்.சி. ராஜாவோடும் சீனிவாசனும் கையொப்பமிட்டார். இந்து மதத்தைவிட்டு வெளியேறுவது என்று அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. வருணத்துக்குள் சேராத நம் மக்கள் இந்து மதத்துக்குள் என்றுமே இருந்ததில்லை, எனவே வெளியேற வேண்டிய தேவையும் இல்லை என்பது அவர் நிலை. ஆங்கிலேய அரசு அவருக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர் பட்டங்களை அளித்து 1936இல் திவான் பகதூர் ஆக்கியது. அரசை நம்பியவர் என்ற விமர்சனம் அவர்மீது உண்டு. ஊரார் கதவடைத்தபோது முறையிடத் திறந்திருந்த கதவு எது என்பதையும் சேர்த்தே அவ்விமர்சனத்தை எடைபோட வேண்டும். 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார். நாடு விடுதலை பெறுவதையும், தாமும் அம்பேத்கரும் லண்டனில் கேட்டவை அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெறுவதையும் அவர் காணவில்லை.

அவை இடம்பெற்றன. அரசமைப்பின் 15(2) பிரிவைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, 1924 தீர்மானத்தில் இருந்த இடங்களை அதில் தேடச் சொல்லுங்கள். கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவை வரிசையாகக் கிடைக்கும். கடையும் உணவகமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அது 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு சட்டம் போதவில்லை என்பதால்தான் அடுத்த சட்டம் தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிகிறார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதைப் பற்றிப் பேசாமல் இப்பாடத்தை முடிக்க முடியாது. தொண்ணூற்றெட்டு ஆண்டுக்கு முன் கேட்ட நீர் உரிமை இன்னும் காவல் கேட்கிறது. பிள்ளைகளுக்கு அச்சமூட்டும்படி அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை; மறைக்கவும் கூடாது. அவர்கள் செய்தியில் பார்த்துவிட்டார்கள். புரிந்துகொள்ள ஒரு வழியைத்தான் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

இவ்வளவையும் ஒரு விழாப் பேச்சில் சொல்லி முடிக்க இயலாது. நான்கு வகுப்பு போதும். முதல் வகுப்பில் மணிக்காகக் காத்திருந்த மாணவர். இரண்டாம் வகுப்பில் கயிறும் மனுவும். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளே ஒரு சட்டமன்றமாக அமர்ந்து, தம் ஊரில் பொது என்று சொல்லப்படும் இடங்களைப் பட்டியலிட்டு, எவை உண்மையிலேயே எல்லோருக்கும் பொது என்று விவாதித்துத் தீர்மானம் இயற்றுவது. நான்காம் வகுப்பில் அந்தத் தீர்மானத்தை 15(2) பிரிவோடு ஒப்பிடுவது. மூன்றாம் வகுப்பில் ஒன்றை வலியுறுத்த வேண்டும்: 1924இல் வாக்களித்து அத்தீர்மானத்தை நிறைவேற்றிய அவையில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் அல்லர். ஆதிக்கச் சாதியில் பிறந்த பிள்ளைக்கும் இவ்வரலாற்றில் நிற்க ஓர் இடம் உண்டு. குற்றவுணர்வோடு தலைகுனிய வைத்தால் அப்பிள்ளை வகுப்பைவிட்டு மனத்தால் வெளியேறிவிடும். கையுயர்த்தும் இடத்தைக் காட்டினால் அடுத்த முறை காலனித் தோழனை மணியடிக்கும் முன்பே ஆட்டத்துக்கு அழைக்கும்.

பட்டியலினப் பிள்ளைக்கு இவ்வாழ்க்கை தருவது வேறு. தன் முன்னோர் துன்பப்பட்டவர்கள் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, அவர்கள் இதழ் நடத்தினார்கள், கையொப்பம் திரட்டினார்கள், கடல் கடந்தார்கள், சட்டமன்றத்தில் எழுந்து பேசி ஆணை பெற்றார்கள் என்று முதன்முறையாக அறிகிறது. அனுதாபத்துக்குரியவராகத் தன்னைப் பார்க்கும் பாடத்திலிருந்து, வாதியாகத் தன்னைப் பார்க்கும் பாடத்துக்கு அது நகர்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே அடுத்த பாடங்கள் காத்திருக்கின்றன. சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைக் கட்டியெழுப்பிய சுவாமி சகஜானந்தர் இருக்கிறார். நாடு முழுவதும் தீண்டாமையின் நிலையை ஆய்ந்து 1969இல் அறிக்கை அளித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய காட்டுமன்னார்கோயிலின் எல். இளையபெருமாள் இருக்கிறார்.

கல்லூரி மாணவர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூடும் மாலை வகுப்பிலோ நூலகத்திலோ இரண்டு மணி நேரம். ஒரு கயிறு, 2660ஆம் எண் அரசாணையின் உள்ளடக்கத்தை எளிய தமிழில் எழுதிய ஒரு தாள், அரசமைப்பின் ஒரு பக்கம் ஆகியவை போதுமானவை. அடுத்த ஜூலை 7 அன்று மாலை வாங்கச் செல்லும் தோழர்கள், அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே 112 அடிக் கயிறும் கிடைக்குமா என்று பாருங்கள்.